பழி சுமக்கும் பம்ப்

ரேடியேட்டர் சூட்டு முள்ளாவது ஏறும்போது கொஞ்சம் அவகாசம் கொடுக்கும். டேஷ்போர்டில் சிவப்பாக எரியும் ஆயில் விளக்கு கொடுக்காது. "அடுத்த பங்க்கில் ஊற்றிக்கொள்ளலாம்" என்று அந்த விளக்கோடு பத்துக் கிலோமீட்டர் ஓட்டிப் போகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அது ஆயிலின் அளவைச் சொல்லும் விளக்கு என்று அவர்கள் நினைப்பதுதான் காரணம். உண்மையில் அது அழுத்தத்தைக் காட்டும் விளக்கு. நல்ல நிலையில் இருக்கும் இன்ஜின் 3000 ஆர்பிஎம்மில் ஏறக்குறைய 3 முதல் 4 பார் அழுத்தம் காட்டும். பெரும்பாலான கார்களில் அந்த அழுத்தம் அரை பாருக்கும் கீழே விழுந்த பிறகுதான் விளக்கு எரியும். அதாவது, விளக்கு எரியும் நேரத்தில் கிராங்க் பேரிங்குகள் கிட்டத்தட்ட வறண்டுவிட்டன. உடனே வண்டியை ஓரங்கட்டி இன்ஜினை நிறுத்துங்கள். டிப்ஸ்டிக்கில் ஆயில் சரியாக இருந்தாலும் மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். டோ செய்யும் செலவு பெரிதாகத் தெரியும். கிராங்க் ஜாம் ஆனால் வரும் செலவோடு பார்த்தால் அது சில்லறைக் காசு. கடன் வாங்கி டாக்ஸி ஓட்டுகிறவருக்கு இந்த ஒரு விஷயம் தெரிந்திருந்தால் போதும், ஒரு வருட உழைப்பு மிஞ்சும்.

சரி, விளக்கு எரிந்துவிட்டது. பல ஒர்க்‌ஷாப்புகளில் முதல் வார்த்தையே "ஆயில் பம்ப் போயிடுச்சு சார்" என்பதுதான். இதை நான் ஒப்புக்கொள்வதில்லை. இன்ஜினின் எல்லாப் பாகங்களுக்கும் முன்னால் ஆயில் கிடைப்பது பம்புக்குத்தான். அது தானாகத் தேய்ந்து போவது குறைவு.

இன்றைய கார்கள் பலவற்றில் பம்ப் என்பது ஒன்றுக்குள் ஒன்றாகச் சுழலும் இரண்டு ரோட்டர்கள். உள் ரோட்டருக்கு வெளி ரோட்டரைவிட ஒரு பல் குறைவு. அதனால் சுற்றும்போது பற்களுக்கு நடுவே இடம் விரிந்து ஆயிலை உறிஞ்சும், பிறகு சுருங்கி வெளியே தள்ளும். இன்ஜினின் அடியில் இருக்கும் ஆயில் தொட்டியான சம்பிலிருந்து ஸ்ட்ரெய்னர் என்ற வலை வழியாக ஏறும் ஆயில் பம்ப், ஃபில்டர் தாண்டி கிராங்க், கேம் என்று போய்ச் சம்புக்கே திரும்புகிறது. நெடுஞ்சாலை வேகத்தில் மூன்று நான்கு லிட்டர் ஆயிலும் நிமிடத்துக்குப் பல தடவை இப்படிச் சுற்றி வந்துவிடும்.

இங்கே ஒன்றைப் புரிந்துகொண்டால் பாதிச் சண்டை தீரும். பம்ப் ஆயிலைத் தள்ளத்தான் செய்கிறது; அழுத்தம் பிறப்பது, அந்த ஆயில் வெளியேற வழி குறுகலாக இருப்பதால். தோட்டத்துக் குழாயின் வாயை விரலால் பாதி மூடினால் தண்ணீர் பீய்ச்சுகிறதே, அதே கதைதான். கிராங்குக்கும் பேரிங்குக்கும் நடுவில் இருக்க வேண்டிய இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு. தேய்ந்து அது இரட்டிப்பானால், எந்தப் புது பம்ப் போட்டாலும் அழுத்தம் நிற்காது.

ஆகவே முதலில் அளக்கச் சொல்லுங்கள். ஆயில் பிரஷர் சுவிட்சைக் கழற்றி, அதே துளையில் கேஜ் மாட்டிப் பார்ப்பது சிறிய வேலை. குளிர்ந்த இன்ஜினில் நன்றாக இருந்து, சூடேறி ஐடிலிங்கில் மட்டும் விழுகிறதா? பேரிங்கையோ, நீர்த்துப்போன ஆயிலையோ சந்தேகப்படலாம். குளிரிலும் சூட்டிலும், எல்லா வேகத்திலும் குறைவா? அப்போது பம்ப், மிகை அழுத்தத்தைத் திறந்துவிடும் ரிலீஃப் வால்வு, ஸ்ட்ரெய்னர் மூன்றையும் பார்க்க வேண்டும். சுவிட்சே பழுதாகி, இன்ஜின் நன்றாக இருப்பதும் உண்டு.

சம்பைக் கழற்றினால்தான் உண்மை தெரியும். நம் ஊர் வேகத்தடைகளில் இடித்து உள்ளே அமுங்கிய சம்ப், ஸ்ட்ரெய்னரின் வாயைப் போய் அடைத்திருக்கும். தவணை தவறிய ஆயில் தார் போலக் கெட்டியாகி வலையை மூடியிருக்கும். என்னை அதிகம் வருத்துவது மூன்றாவது: முன்பு சம்பை மாட்டியவர் கசிவைத் தடுக்க அள்ளிப் பூசிய பேஸ்ட். வெளிப்பக்கம் பிதுங்குவதைத் துடைத்துவிடுகிறோம். அதே அளவு உள்பக்கமும் பிதுங்கியிருக்கும். சூட்டில் அது புழு புழுவாக உரிந்து ஸ்ட்ரெய்னரில் வந்து ஒட்டும். பேஸ்ட் மெல்லிய ஒரே கோடாகப் போதும்.

பம்பைச் சுழற்றும் வழியும் கெடலாம். 2023 டிசம்பரில் ஃபோர்டு நிறுவனம் அமெரிக்காவில் சுமார் 1.4 லட்சம் எக்கோஸ்போர்ட், ஃபோகஸ் கார்களைத் திரும்ப அழைத்தது. அவற்றின் 1 லிட்டர் இன்ஜினில் ஆயிலில் நனைந்தபடி ஓடி பம்பைச் சுழற்றும் பெல்ட்டின் பற்கள் உதிரலாம், அல்லது அதன் டென்ஷனர் உடையலாம் என்பதுதான் குறை. அந்த எக்கோஸ்போர்ட்டுகள் நம் மறைமலை நகர் ஆலையில் தயாராகிக் கப்பலேறியவை. இப்படி நனைந்த பெல்ட் உள்ள வண்டிக்குக் கையேட்டில் சொன்ன ஆயிலைத் தவிர வேறு எதையும் ஊற்றாதீர்கள்.

பம்ப்தான் குற்றவாளி என்று உறுதியானால், மாற்றுவது ஒரு முழு நாள் வேலை. மாருதி 800 போன்ற இன்ஜின்களில் பம்ப் கிராங்கின் முன் முனையிலேயே உட்கார்ந்திருக்கும். கிராங்க் புல்லி, டைமிங் பெல்ட், சம்ப் எல்லாம் இறங்க வேண்டும். அவ்வளவு இறக்கிய பிறகு முன்பக்க ஆயில் சீல், ஸ்ட்ரெய்னரின் ஓ-ரிங், டைமிங் பெல்ட் ஆகியவற்றில் பழையதையே போடுவது வீண் சிக்கனம். ஓ-ரிங் இறுகிப்போயிருந்தால் பம்ப் ஆயிலோடு காற்றையும் உறிஞ்சும். பழைய பம்பைத் திறந்து, ரோட்டர்களின் மேல் நேர்ச்சட்டம் வைத்து ஃபீலர் கேஜ் நுழைத்துப் பாருங்கள். பல இன்ஜின்களில் 0.15 மில்லிமீட்டர் தகடு உள்ளே போனால் அதன் ஆயுள் முடிந்தது. போகவில்லை, கீறலும் இல்லை என்றால் வேறு காரணம் தேட வேண்டும்.

புது பம்பை உலர்வாக மாட்டக் கூடாது. ரோட்டர்களுக்கு நடுவே புது ஆயிலை நிரப்பிக் கையால் சுற்றிவிட்டுத்தான் மாட்ட வேண்டும். ஃபில்டரும் புதிதாகப் போடுங்கள்; அது நிமிர்ந்து நிற்பதாக இருந்தால் அதிலும் ஆயில் நிரப்புங்கள். பிறகு காயில், இன்ஜெக்டர் இணைப்புகளைக் கழற்றிவிட்டு, பத்துப் பத்து நொடியாக ஸ்டார்ட்டரை மட்டும் சுற்றவிடுங்கள். பிரஷர் கேஜின் முள் ஏறிய பிறகே இணைப்பைக் கொடுத்து ஸ்டார்ட் செய்யலாம். சுவிட்சின் துளையில் மாட்டிய அந்த கேஜை இன்னும் கழற்றாதீர்கள். இன்ஜின் நன்றாகச் சூடாகி ஃபேன் ஒரு முறை ஓடி நிற்கும்வரை முள்ளைப் பார்த்துவிட்டுச் சுவிட்சை மாட்டுங்கள்.

(தொடரும்)