தோட்டம் போனாலும் பாட்டு போகவில்லை

ஜொகூர் பாருவிலிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் இளைஞர்களின் கார்களில், அவர்கள் பிறப்பதற்கு முன் வந்த கிராமியப் பாட்டுகள் இன்றும் ஒலிக்கின்றன. ஏன்?

என் பட்டியலில் முதலிடம் ‘அன்னக்கிளி’க்கு (1976). இளையராஜாவின் முதல் படம். ‘மச்சானப் பாத்தீங்களா’வை எஸ்.ஜானகி பாடினால், பக்கத்து வீட்டு அக்கா பேசுவது போலிருக்கும். பஞ்சு அருணாசலம் எழுதிய பாட்டில் அகராதியைத் தேட வைக்கும் சொல் இல்லை.

அடுத்தது ‘16 வயதினிலே’ (1977). ‘ஆட்டுக்குட்டி’ பாட்டில் துள்ளுவது இந்த மண்ணில் பிறந்த மலேசியா வாசுதேவனின் குரல். அதே குரல் ‘முதல் மரியாதை’யில் (1985) ‘பூங்காற்று திரும்புமா’ என்று ஏங்கும்போது, பெரியவர் ஒருவரின் தனிமை நம் தொண்டையை அடைக்கிறது. அந்தப் படப் பாடல்களுக்குத்தான் வைரமுத்து முதல் தேசிய விருது பெற்றார்.

இவை நிலைப்பதற்குக் காரணம் எளிது. வாத்தியம் இல்லாமலும் பாடலாம். தாலாட்டும் நடவுப்பாட்டும் ஒப்பாரியும் கலந்த மெட்டு, ஒருமுறை கேட்டாலே வாயில் ஒட்டிக்கொள்ளும்.

குளுவாங், சிகாமட் பக்கம் பால்மரம் வெட்டியவர்களுக்கு இவை ஊர் ஞாபகம். பேரப்பிள்ளைகளுக்குத் தோட்டத்து ஞாபகம். ரப்பர் நின்ற இடங்களில் செம்பனை வந்துவிட்டது. லயங்கள் பலவும் இல்லை. தமிழ்ப் பேச்சும் வீட்டில் குறைகிறது.

பாட்டில் வரும் சொல்லுக்குப் பிள்ளைகள் பொருள் கேட்டால், கைப்பேசியைக் காட்டாதீர்கள். தாத்தா பாட்டியிடம் அனுப்புங்கள், அவர்கள் இருக்கும்போதே.