காராச்சேவு நாட்டில் சுட்டெடுக்கும் தட்டை

சிவகாசியை ஒட்டிய நாரணாபுரத்து வீடுகளுக்குக் காரம் புதிதல்ல. பக்கத்துச் சாத்தூரின் காராச்சேவு ஊர் தாண்டிப் பேர் வாங்கியது. வற்றலுக்கும் பருப்புக்கும் எண்ணெய்க்கும் விருதுநகர்ச் சந்தை இருக்கிறது. அதே காரத்தை எண்ணெய்ச் சட்டி வைக்காமல், ஓவனில் சுட்டும் கொண்டுவரலாம்.

200 கிராம் கோதுமை மாவில் அரைத் தேக்கரண்டி உப்பு, ஒரு தேக்கரண்டி வற்றல் தூள், கொஞ்சம் சீரகம், எள் சேர்த்து, 3 மேசைக்கரண்டி நல்லெண்ணெய் விட்டுப் பிசற வேண்டும். எண்ணெய் மாவில் நன்றாகப் படிந்தால்தான் தட்டை வாயில் பொரபொரவென்று உடையும். பிறகு தண்ணீர் தெளித்துக் கெட்டியாகப் பிசைந்து, 20 நிமிடம் மூடி வைத்து, 2 மில்லிமீட்டர் கனத்தில் தேய்த்து வட்டமாக வெட்டலாம்.

முள்கரண்டியால் ஆங்காங்கே குத்துவது முக்கியம்.

துளை இல்லையென்றால் உள்ளே உண்டாகும் நீராவி வெளியேற வழியின்றித் தட்டையைப் பூரிபோல உப்ப வைத்துவிடும். முன்கூட்டியே சூடேற்றிய ஓவனில், 180 டிகிரி செல்சியஸில் 12 முதல் 15 நிமிடத்தில் ஓரம் சிவக்கும். எடுத்ததும் சற்று மெத்தென்று இருக்கும். ஆறினால்தான் மொறுமொறுப்பு ஏறும். சூட்டோடு டப்பாவில் அடைத்தால் நமத்துவிடும்.

வருகிற தீபாவளிக்கு முறுக்கு, சேவுடன் இதையும் ஓர் ஈடு சுட்டு விருந்தாளிகளுக்குக் கொடுத்துப் பாருங்கள்.