ஒரு வீட்டில் இரண்டு நாய்: பழக்குவது எப்படி?



ஊரில் நாய் வளவுக்குள் நின்றது. படலையில் ஆள் வந்தால் குரைத்தது, மிஞ்சிய சோற்றைத் தின்றது, மாமர நிழலில் படுத்தது. மூன்று நாய் நின்ற வீட்டிலும் அவற்றுக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை. குட்டி பெரிய நாயைப் பார்த்துப் பழகிக்கொண்டது. இங்கே பிரித்தானியாவில் நாய் வீட்டுக்குள், கம்பளத்தின் மேல், சோபாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. 2020ஆம் ஆண்டு கொரோனா முடக்க காலத்தில் பிள்ளைகளின் ஆசைக்காக நாய்க்குட்டி வாங்கிய எங்கள் குடும்பங்கள் பல. அதற்குத் துணை வேண்டுமென்று சில வீடுகளில் இரண்டாவதும் வந்துவிட்டது. அதன் பிறகுதான் இப்படிக் கேட்கிறார்கள்: “முதல் நாய் சொல்லுக் கேட்டது. மற்றது வந்த பிறகு இரண்டுமே கேட்குதில்லை. நாங்கள் வேலைக்குப் போனால் அம்மா தனிய நிற்கிறா, அவவுக்குப் பயம். ஒன்றைக் கொடுத்துவிடுவமோ?”

கொடுப்பதற்கு முன்பு செய்து பார்க்க வேண்டியவை இருக்கின்றன.

முதலில் ஒரு கணக்கு. இரண்டு நாயைப் பழக்குவது இரண்டு வேலை அல்ல, மூன்று வேலை. முதல் நாயைத் தனியாகப் பழக்க வேண்டும். இரண்டாவதைத் தனியாகப் பழக்க வேண்டும். அதன் பிறகு இரண்டும் பக்கத்தில் நிற்கும்போது அதே பாடத்தை மறுபடி பழக்க வேண்டும். பலரும் முதல் இரண்டையும் விட்டுவிட்டு நேரே மூன்றாவதில் தொடங்குகிறார்கள். இரண்டையும் முன்னால் நிறுத்தி “இரு, இரு, இரு” என்று சொன்னால், ஒன்று இருக்கும், மற்றது அதன் காதைக் கடிக்கும், இருந்ததும் எழும்பிவிடும். யாருக்குச் சொன்னீர்கள் என்பது இரண்டுக்கும் தெரியாது.

ஆடு மேய்க்கும் நாய்களைப் பாருங்கள். 1976இல் பிபிசியில் தொடங்கிய ‘வன் மான் அன்ட் ஹிஸ் டோக்’ நிகழ்ச்சி சிலருக்கு நினைவிருக்கலாம். இந்த நாட்டு இடையர்கள் நாயை வலஞ்சுழியாக ஓடவிட ‘கம் பை’ என்றும், இடஞ்சுழியாக ஓடவிட ‘அவே’ என்றும் சொல்வார்கள். ஒரே நேரத்தில் இரண்டு நாயை ஓடவிடும் இடையர், இரண்டாவது நாய்க்கு வேறு சொல்லும் வேறு சீழ்க்கையும் பழக்கி வைத்திருப்பார். வயலின் மறு கரையில் நிற்கும் நாய்கூடத் தனக்கு வந்த கட்டளை எது, மற்றதற்குப் போனது எது என்று தெரிந்துகொள்ளும். வீட்டில் நாங்கள் அந்த அளவுக்குப் போகத் தேவையில்லை. எங்களுக்குப் பெயரே போதும்.

ஆனால் பெயர்கள் வித்தியாசமாக ஒலிக்க வேண்டும். ‘ஜிம்மி’யும் ‘ரொமி’யும் ஒரே வீட்டில் இருந்தால் கஷ்டம். ‘ஜிம்மி’யும் ‘புறூனோ’வும் என்றால் குழப்பமில்லை. பெயரை முதலில் சொல்லி, நாய் திரும்பிப் பார்த்த பிறகு கட்டளையைச் சொல்லுங்கள். ‘ஜிம்மி, இரு.’ பெயர் சொன்னதும் திரும்பிப் பார்த்தால் உடனே ஒரு சிறிய தீனி. முதல் வாரம் இது ஒன்று மட்டும் போதும். பெயரைச் சொல்லி ஏசுவதையும் நிறுத்த வேண்டும். நாள் முழுக்க ‘புறூனோ! புறூனோ!’ என்று கத்தினால் அந்தப் பெயர் வெறும் சத்தமாகிவிடும்.

தனிப் பாடத்துக்கு நிறைய நேரம் வேண்டாம். ஒரு நாய்க்கு ஐந்து நிமிடம், நாளுக்கு இரண்டு மூன்று தரம். ஒன்று பாடம் படிக்கும்போது மற்றது வேறு அறையில், அல்லது குழந்தைகளுக்காகப் படிக்கட்டில் பூட்டும் சின்னக் கதவுக்கு அப்பால், கடிப்பதற்கு ஏதாவது வைத்துக்கொண்டு இருக்கட்டும். அது தண்டனை அல்ல. தனியாக அமைதியாக இருப்பதும் ஒரு பாடம்தான். நடக்கக் கூட்டிப்போவதிலும் வாரத்தில் சில நாளாவது தனித்தனியாகப் போக வேண்டும். மூத்தது வாரை இழுக்காமல் நடக்கப் பழகுவதற்கு முன்பு இரண்டையும் சேர்த்துக் கொண்டுபோனால், இரண்டு இழுக்கும் நாய்தான் மிச்சம்.

இங்கே மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் வீடுகளில் அம்மம்மா தமிழில் சொல்கிறா, பேரன் ஆங்கிலத்தில் சொல்கிறான், அப்பா இரண்டையும் கலக்கிறார். நாய்க்கு மொழி தெரியாது, ஒலிதான் தெரியும். ‘சிற்’ என்பதும் ‘இரு’ என்பதும் அதற்கு இரண்டு வேறு பாடங்கள். இரண்டையும் படிக்க அதனால் முடியும், ஆனால் ஒன்றைச் சரியாகப் படித்த பிறகு. தமிழிலேயே ஒரு சிக்கலும் உண்டு. ‘இரு’ என்றால் உட்கார். ‘கொஞ்சம் இரு, வாறன்’ என்றால் பொறு. இரண்டும் ஒரே சொல். அதேபோல் ‘படு’, ‘விடு’, ‘எடு’ மூன்றும் நாயின் காதில் ஏறக்குறைய ஒன்றுதான். ஆகவே குடும்பமாக இருந்து ஆறு ஏழு சொற்களைத் தெரிவு செய்யுங்கள். உட்கார ‘இரு’, படுக்க ‘படு’, கூப்பிட ‘வா’, அசையாமல் நிற்க ‘நில்’, வாயில் உள்ளதைப் போடுவதற்கு ‘ட்றொப்’ என்று கலந்தாலும் பிழையில்லை. எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவிடுங்கள். எல்லோரும் அதையே சொல்ல வேண்டும். கையசைவும் சேர்த்துப் பழக்கினால் நல்லது. நாய்கள் கைச்சாடையை மிக நன்றாகக் கவனிக்கும், மெல்லிய குரலில் கதைக்கும் முதியவர்களுக்கும் அது உதவும்.

தனித்தனியாகப் படித்த பிறகு சேர்த்து வைக்கலாம். இங்கே மிக முக்கியமானது காத்திருக்கும் நாய். வியன்னாவில் பிரீடெரிக்கே ராங்கே என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் செய்த பரிசோதனை ஒன்று 2008 இறுதியில் வெளிவந்தது. இரண்டு நாய்களைப் பக்கத்தில் இருத்தி, கை கொடுக்கச் சொன்னார்கள். ஒன்றுக்கு மட்டும் தீனி கொடுத்தார்கள். தீனி கிடைக்காதது கெதியிலேயே கை கொடுப்பதை நிறுத்திவிட்டது. தனியாக இருந்து, தீனி கிடைக்காதபோது, அது அவ்வளவு சீக்கிரம் நிறுத்தவில்லை. இதில் ஒரு சுவையான விடயம்: ஒன்றுக்கு இறைச்சியும் மற்றதற்குப் பாணும் கொடுத்தபோது அவை கோபிக்கவில்லை. ஒன்றுமே கிடைக்காததுதான் பிரச்சினை. எங்கள் பிள்ளைகள் அப்படி இல்லை, பெரிய துண்டு எது என்று பார்க்கிறார்கள்!

ஆகவே ‘ஜிம்மி, வா’ என்று சொல்லி ஜிம்மி வந்தால் அதற்கு ஒரு துண்டு. அசையாமல் தன் இடத்தில் இருந்த புறூனோவுக்கும் ஒரு துண்டு, அது இருக்கும் இடத்துக்கே கொண்டுபோய். அப்போதுதான் ‘மற்றவன் பெயர் சொன்னால் நான் சும்மா இருப்பதற்கும் சம்பளம் உண்டு’ என்று அது படிக்கும். இதற்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு பாய் அல்லது படுக்கை வேண்டும், ஒன்றிலிருந்து ஒன்று இரண்டு மீற்றராவது தள்ளி. ‘பாய்க்குப் போ’ என்ற ஒரே பாடம் வாசல் மணி அடிக்கும்போதும், சாப்பாட்டு நேரத்திலும், விருந்தினர் வரும்போதும் கைகொடுக்கும். வெளிக்கதவு திறக்கும்போதும் பெயர் சொல்லி ஒவ்வொன்றாக விடுங்கள். இரண்டும் ஒரே நேரத்தில் பாயும் வாசலில்தான் அநேக சண்டைகள் தொடங்குகின்றன.

சண்டைக்கு மற்றக் காரணங்கள் சாப்பாடும், விளையாட்டுப் பொருளும், வலியும். சாப்பாட்டுக் கிண்ணத்தைத் தனித்தனி இடத்தில் வையுங்கள், தின்று முடிந்ததும் எடுத்துவிடுங்கள். உறுமினால் அடிக்கக் கூடாது. உறுமல் ஒரு எச்சரிக்கை. அதை அடித்து நிறுத்தினால் அடுத்த தடவை எச்சரிக்கை இல்லாமலே கடி விழும். சண்டை பிடித்துவிட்டால் நடுவில் கையை விடாதீர்கள். பெரிய சத்தம் போடுங்கள், போர்வையை மேலே எறியுங்கள், கதிரையையோ பலகையையோ இடையில் தள்ளுங்கள். ஒற்றுமையாக இருந்த நாய்கள் திடீரென்று சண்டை பிடிக்கத் தொடங்கினால் முதலில் மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். காது நோவும் மூட்டு நோவும் வெளியில் தெரிவதில்லை.

‘நாயில் ஒன்று தலைவன், நீங்கள் அதற்கும் மேலே தலைவனாக வேண்டும், நிலத்தில் புரட்டிப் பிடியுங்கள்’ என்று அறிவுரை சொல்வோர் இன்னும் இருக்கிறார்கள். இந்தக் கதை அடைத்து வைத்த ஓநாய்களைப் பார்த்து வந்தது. ருடோல்ஃப் ஷெங்கெல் 1947இல் அப்படியான ஓநாய்களைப் பற்றி எழுதினார். டேவிட் மெக் 1970இல் எழுதிய நூல் அந்தக் கருத்தைப் பரப்பியது. பிறகு அதே மெக், கனடாவின் எல்ஸ்மியர் தீவில் காட்டு ஓநாய்களைப் பல கோடைகாலம் பார்த்துவிட்டு, கூட்டத்தின் ‘தலைவர்கள்’ என்பவை தாயும் தகப்பனும்தான் என்று 1999இல் எழுதினார். புரட்டிப் பிடித்தால் நாய் படிப்பது பயத்தை. இரண்டு நாய் உள்ள வீட்டில் அந்தப் பயத்தை ஒன்று மற்றதன் மேல் காட்டிவிடும்.

தீனியைப் பற்றி எங்கள் குசினிக்கென்று ஒரு எச்சரிக்கை. வெங்காயம், உள்ளி, முந்திரிகை வற்றல், சொக்லேற் எல்லாம் நாய்க்கு நஞ்சு. சீனி இல்லாத சுவிங்கத்தில் இருக்கும் சைலிற்றோல் மிகவும் ஆபத்து. சமைத்த எலும்பு உடைந்து குடலைக் குத்தும். கறி போட்ட சோறு வேண்டாம். உப்பில்லாமல் அவித்த கோழியைச் சுண்டுவிரல் நகம் அளவுக்கு வெட்டி வைத்தால் போதும். நிலத்தில் விழுந்த மட்டன் றோல்ஸுக்கு இரண்டு நாய் ஒரே நேரத்தில் பாயும், பக்கத்தில் ஒரு சின்னப்பிள்ளையும் நிற்கும். கொண்டாட்ட நாட்களில் நாய்கள் கதவுக்கு அப்பால் இருக்கட்டும்.

இரண்டாவது நாய் இன்னும் வரவில்லை என்றால் பொறுங்கள். முதலாவது ஒன்றரை, இரண்டு வயதாகி, கூப்பிட்டால் வரும் நிலைக்கு வந்த பிறகு எடுங்கள். குட்டி பெரியதைப் பார்த்துப் பழகும் என்பது உண்மைதான், ஆனால் தபால்காரரைக் கண்டு குரைப்பதையும் அதிடம்தான் பழகும். ஒரே ஈற்றில் பிறந்த இரண்டு குட்டிகளைச் சேர்த்து எடுக்க வேண்டாம். விற்பவர் விலை குறைத்துத் தருவார். பிறகு இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கும், உங்களைப் பார்க்காது. முதல் சந்திப்பை வீட்டுக்குள் வைக்காமல் பூங்காவில், இரண்டு பேர் ஆளுக்கொரு நாயைப் பிடித்து, தள்ளி நடந்தபடி வையுங்கள்.

இனி அம்மம்மாவின் விடயம். ‘நாய்க்கு என்ன பயம், ஒன்றும் செய்யாது’ என்று பிள்ளைகள் சிரிக்கிறார்கள். போர்க்காலத்தில் ஊரில் இருந்தவர்களுக்கு, இரவில் தெருவால் நாய்கள் வரிசையாகக் குரைத்துக்கொண்டு வந்தால் அதன் பொருள் என்ன என்று தெரியும். விளக்கை அணைத்துவிட்டுக் காத்திருந்த பழக்கம் உடம்பிலிருந்து போகாது. இரண்டு நாய் சேர்ந்து வாசலில் குரைப்பது ஒன்று குரைப்பதைவிட இரு மடங்கு அல்ல, அதற்கும் மேல். ஒன்று தொடங்க மற்றது தொடரும். ஆகவே வாசல் மணிக்குப் ‘பாய்க்குப் போ’ பழக்குவது இந்த வீடுகளில் முதல் வேலையாக இருக்கட்டும். அவவின் அறையும் சாமி அறையும் நாய் போகாத இடங்களாக இருக்கட்டும், கதவுப்படியில் நிற்பதற்குத் தீனி கொடுத்துப் பழக்கலாம். நாயைத் தொடச் சொல்லி அவவை வற்புறுத்த வேண்டாம். விரும்பினால், கதவுக்கு இப்பால் நின்று ‘இரு’ என்று சொல்லி ஒரு துண்டை எறியட்டும். இரண்டும் தன் சொல்லுக்கு இருப்பதைக் கண்டால் அவவுக்கே கொஞ்சம் தைரியம் வரும். வராவிட்டாலும் அது அவவின் வீடு. இரண்டு நாயோடு அவவைத் தனியே விட்டுப் போகாதீர்கள். நாய்கள் ஒரு அறையில், அவ இன்னொரு அறையில்.

சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். 1991ஆம் ஆண்டின் ஆபத்தான நாய்கள் சட்டம் குறிப்பிட்ட சில இனங்களுக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். கட்டுப்பாட்டை மீறி ஆளை அச்சுறுத்தினால் எந்த இன நாய்க்கும் அது பொருந்தும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2014 முதல் உங்கள் வீட்டுக்குள்ளும் தோட்டத்திலும்கூடப் பொருந்தும். தபால்காரரோ விருந்தினரோ கடிபட்டால் வழக்கு வரலாம், நாயைக் கொல்லும்படி நீதிமன்றம் உத்தரவிடவும் கூடும். இங்கிலாந்தில் 2016 ஏப்ரல் முதல் நாய்க்கு மைக்ரோசிப் கட்டாயம். வெளியில் போகும்போது கழுத்துப்பட்டியில் உரிமையாளரின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். வாடகை வீடென்றால் இரண்டாவது நாய்க்கும் எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

உதவி தேடும்போது கவனம். இந்த நாட்டில் யாரும் தன்னை நாய்ப் பயிற்சியாளர் என்று சொல்லிக்கொள்ளலாம், அதற்கு உரிமப் பத்திரம் தேவையில்லை. ‘டோக்ஸ் ட்ரஸ்ட்’ போன்ற தொண்டு நிறுவனங்கள் பயிற்சி வகுப்புகள் நடத்துகின்றன. வேறிடம் போனால், முதலில் நாயை விட்டுவிட்டு நீங்கள் மட்டும் போய் ஒரு வகுப்பைப் பாருங்கள். மின்சாரக் கழுத்துப்பட்டி, கழுத்தை நெரிக்கும் சங்கிலி கண்டால் திரும்பி வந்துவிடுங்கள். இரண்டு நாயையும் ஒரே வகுப்புக்கு ஒரே ஆள் கொண்டுபோக வேண்டாம். பதினாறு வயது மகன் ஒன்றை, அம்மா மற்றதை, வேறு வேறு கிழமையில்.