தப்பான எண் எதை அளக்கிறது?

1977 மார்ச் 10 இரவு. ஜவ்வாது மலையின் காவலூர் வானாய்வகத்தில் ஒரு மீட்டர் தொலைநோக்கி யுரேனஸ் பக்கம் திரும்பியிருந்தது. எஸ்.ஏ.ஓ. 158687 என்ற மங்கலான நட்சத்திரத்தை யுரேனஸ் மறைத்துக்கொண்டு நகரும் என்பது கணக்கு. நட்சத்திரத்தின் ஒளியை ஒளிமானி மின்சாரமாக்க, அதன் ஏற்ற இறக்கம் கோடாகப் பதிவாகிக்கொண்டிருந்தது. குறித்த நேரத்துக்கு முன்பே கோடு சட்டென்று சரிந்தது. சில விநாடிகளில் பழைய இடத்துக்கே ஏறிவிட்டது.

அளவுக்கருவிகளோடு பழகியவருக்கு இப்படிப்பட்ட சரிவைப் பார்த்தால் முதலில் கருவி மேல்தான் சந்தேகம் வரும். ஒயர் லூஸா, மின்சாரம் தடுமாறியதா, தொலைநோக்கி ஒரு நொடி குலுங்கியதா, மேகத்துண்டு ஏதாவது குறுக்கே வந்ததா? காவலூர்க் குழுவின் ஜே.சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் அந்தச் சரிவு வானத்தில்தான் நிகழ்ந்தது என்று முடிவு செய்து, யுரேனஸுக்குப் புதிதாக ஒரு துணைக்கோள் இருப்பதாக ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். அதே இரவில் இந்தியப் பெருங்கடலின் மேல் பறந்த ஒரு விமான ஆய்வகத்தில் வானியலாளர் ஜேம்ஸ் எலியட்டின் குழுவினரும் சரிவுகளைப் பதிவு செய்திருந்தனர். கோளுக்கு இந்தப் பக்கம் எத்தனையோ அந்தப் பக்கமும் அத்தனை, அதே தொலைவுகளில். துணைக்கோள் அப்படி இரண்டு பக்கமும் சமச்சீராக மறைக்காது, வளையங்கள்தான் மறைக்கும். அந்த ஆண்டிலேயே பட்டாச்சார்யாவும் வானியலாளர் வைணு பாப்புவும் சனியைப் போன்ற வளைய அமைப்பு யுரேனஸுக்கு உண்டு என்று எழுதினார்கள்.

காவலூர்க் கோட்டில் பிழை இல்லை. அது எதன் கோடு என்பதுதான் கேள்வியாக இருந்தது. ‘கருவி தப்பாகக் காட்டுகிறது’ என்று நாம் சொல்கிற இடங்களில் பெரும்பாலும் நடப்பது இதுதான். கருவி எதையோ சரியாகத்தான் அளக்கிறது. நாம் கேட்டதை அளக்கவில்லை, அவ்வளவே.

இதற்கு ஓர் உதாரணம் பார்ப்போம். காவலூரிலிருந்து கிழக்கே நேர்கோட்டில் சுமார் 50 கிலோமீட்டர் தள்ளி, ஆரணியை ஒட்டிய பட்டு நெசவு ஊர் முள்ளிப்பட்டு. கச்சாப் பட்டின் எடையில் ஏறத்தாழக் கால் பங்கு செரிசின் என்ற பசை. கொதிநிலைக்குச் சற்றுக் கீழே இருக்கும் சோப்புத் தண்ணீரில் அதைப் போக்கிய பிறகுதான் நூல் மினுங்கும், சாயமும் சீராக ஏறும். நூலைக் கோலில் மாட்டிப் புரட்டுகிறவருக்கு ஆவியைப் பார்த்தாலே சூடு தெரியும். இருந்தாலும் அங்கே ஒரு தொட்டிக்குள் தெர்மோகப்பிள் இறக்கி, சூட்டைக் கணினியில் பதிவு செய்ய நினைக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு வேறு உலோகக் கம்பிகளின் நுனியை ஒன்றாகப் பற்றவைத்தால் அதுதான் தெர்மோகப்பிள். வெப்ப வித்தியாசம் அதில் மின்னழுத்தமாகும். இந்த விளைவை 1821-இல் கண்டவர் சீபெக்.

எவ்வளவு மின்னழுத்தம்? பரவலாக விற்கும் கே-வகைக் கம்பியில் ஒரு டிகிரிக்கு 41 மைக்ரோவோல்ட் அளவு. தொட்டி 95 டிகிரி, கம்பி வந்து சேரும் பெட்டி 30 டிகிரி என்றால் கிடைப்பது 2.7 மில்லிவோல்ட். பெட்டிக்குள் இருக்கும், மின்னழுத்தத்தை எண்ணாக்கும் 12-பிட் மாற்றி 5 வோல்ட்டை 4,096 படிகளாக வெட்டுகிறது. ஒரு படி 1.2 மில்லிவோல்ட், அதாவது 30 டிகிரி! தண்ணீர் 65-லிருந்து 85 டிகிரிக்குப் போனாலும் திரையில் எண் அசையாமல் நிற்கலாம். அதனால் நூறு மடங்கு பெருக்கிக் கொடுக்கிறோம். வம்பு அங்கேதான் தொடங்குகிறது. பெருக்கிக்கு நம் சமிக்ஞை எது, வந்தேறி எது என்று தெரியாது.

தெர்மோகப்பிள் சூட்டை அளப்பதில்லை, இரு முனைகளின் சூட்டு வித்தியாசத்தை அளக்கிறது. பெட்டி அடுப்புப் பக்கம் இருந்து மதியத்துக்குள் 40 டிகிரி ஆகிவிட்டால், பெட்டியின் சூட்டைத் தனியாக அளந்து கூட்டாதவரை தொட்டி பத்து டிகிரி ஆறிவிட்டதாகத்தான் திரை சொல்லும்.

பெட்டியில் உணரிகளை மாட்டும் வாய்கள், அதாவது சேனல்கள், பல உண்டு. இதைவிட விசித்திரம், எதுவுமே மாட்டாத சேனல். பூஜ்யம் காட்டும் என்று எதிர்பார்ப்போம். அதுவோ பக்கத்துச் சேனலைப் போலவே ஏறி இறங்கும், சற்று மங்கலாக. பேய் வேலை ஒன்றுமில்லை. பெட்டிக்குள் மாற்றி ஒன்றே ஒன்றுதான். ஒரு சுவிட்ச் அதைச் சேனல் சேனலாக மாற்றிக் காட்டுகிறது. ஒவ்வொரு சேனலின் மின்னழுத்தத்தையும் ஒரே சின்னஞ்சிறு கெப்பாசிட்டர் ஏந்திப் பிடிக்கிறது. அடுத்த சேனலில் ஒன்றும் மாட்டவில்லை என்றால், பிடித்துவைத்த மின்னூட்டம் வெளியேற வழியில்லை. சாம்பார் கரண்டியைக் கழுவாமல் ரசத்தில் விட்டதுபோல, முந்தைய சேனலின் ருசி இதில் தெரிகிறது. மின்தடை அதிகமுள்ள உணரியை மாட்டினாலும் இதே கதைதான்: கெப்பாசிட்டர் நிரம்புவதற்குள் சுவிட்ச் நகர்ந்துவிடும்.

சந்தேகம் வந்தால் முதலில் செய்யவேண்டியது எளிது. சேனலின் இரண்டு முனைகளையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்துவிடுங்கள், பூஜ்யம் வரவேண்டும். பிறகு பெருக்கியைக் கழற்றிவிட்டு, கடிகார செல் ஒன்றை மாட்டுங்கள், 1.5 வோல்ட் வரவேண்டும். சரியாகப் பாதி வந்தால் செல் தீர்ந்துவிட்டது என்று தூக்கிப்போட வேண்டாம். கருவி 0–10 வோல்ட் வீச்சில் அளக்கிறது, மென்பொருளில் யாரோ 0–5 என்று குறித்திருக்கிறார்கள். இந்த இரண்டும் தேறிவிட்டால் பெட்டி நிரபராதி. குற்றவாளி வெளியே இருக்கிறான்.

வெளியே பெரும்பாலும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம்தான். நூல் சுற்றும் மோட்டாரின் ஒயரும் தெர்மோகப்பிள் கம்பியும் பக்கம் பக்கமாக ஓடினால் போதும், அது தொற்றிக்கொள்ளும். நாம் விநாடிக்கு 49 முறை அளக்கிறோம் என்றால் திரையில் 50 ஹெர்ட்ஸ் தெரியாது. விநாடிக்கு ஒருமுறை ஏறி இறங்கும் சோம்பேறி அலைதான் தெரியும். தண்ணீரே மூச்சு விடுவதுபோல இருக்கும். விநாடிக்கு 48 முறை என்று மாற்றிப் பாருங்கள். அலை இரண்டு மடங்கு வேகமாகிவிடும். நம் கடிகாரத்தை மாற்றினால் தொட்டித் தண்ணீர் நடை மாற்றாது. ஆக அது தண்ணீர் அல்ல. இவ்வளவு மலிவான, இவ்வளவு தீர்மானமான சோதனை வேறு இருக்கிறதா என்று தெரியவில்லை.

அலை ஆடினால் சராசரி போட்டு மழுப்பிவிடுவது பலருடைய பழக்கம். கண்மூடித்தனமான சராசரி நோயை மறைக்கும் மாத்திரை. ஆனால் சரியாக 20 மில்லிவிநாடிக்குச் சராசரி எடுப்பது வேறு விஷயம். 50 ஹெர்ட்ஸின் ஒரு முழுச் சுற்று அதற்குள் அடங்குவதால் மேடும் பள்ளமும் ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன. 60 ஹெர்ட்ஸ் ஓடும் அமெரிக்காவிலும் அதே கருவி விலைபோக வேண்டும் என்றால் 100 மில்லிவிநாடி: இங்கே ஐந்து சுற்று, அங்கே ஆறு.

எர்த் தரும் தொல்லை இன்னொரு ரகம். எவர்சில்வர் தொட்டிக்கு ஒரு மூலையில் எர்த், கணினிக்கு இன்னொரு மூலையில் எர்த். இரண்டும் ஒரே மின்னழுத்தத்தில் இருக்கும் என்பது நம் நம்பிக்கை மட்டுமே. மில்லிவோல்ட் கணக்கில் வித்தியாசம் இருந்தாலே நம் கம்பி வழியாக மின்சாரம் ஓடும். நாம் தேடுவதும் மில்லிவோல்ட்தானே. மடிக்கணினியின் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். பேட்டரியில் ஓடும்போது எண் அடங்கினால் ஆள் அகப்பட்டுவிட்டான்.

இதே வியாதி உலகத்தின் மிகத் துல்லியமான சோதனை ஒன்றையும் பிடித்தது. ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தில் 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள லெப் துகள் முடுக்கி இருந்தது. 1995-இல் அதன் காந்தங்களில் வைத்த உணரிகள் பகலெல்லாம் சிறிதாக நடுங்கின. நள்ளிரவுக்குப் பிறகு சில மணி நேரம் அமைதி. பிரெஞ்சு ரயில் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்த நாளிலும் அமைதி. ஜெனீவாவிலிருந்து பிரான்ஸுக்குப் போகும், அப்போது நேர்மின்னில் இயங்கிய ரயில்பாதையில் தண்டவாளம் வழியே திரும்ப வேண்டிய மின்சாரத்தில் ஒரு பகுதி மண்ணுக்குள் கசிந்து, முடுக்கியின் உலோகக் குழாயைக் குறுக்குவழியாக்கிக்கொண்டிருந்தது. தண்டவாள மின்னழுத்தம், குழாயின் மின்னோட்டம், காந்தப்புலம் மூன்றையும் ஒரே நேரத்தில் பதிவு செய்தார்கள். பாரிஸுக்குக் கிளம்பும் டி.ஜி.வி. ரயிலோடு மூன்று கோடுகளும் சேர்ந்து துள்ளின. முடுக்கியில் ஓடிய துகள்களின் ஆற்றலைக் கணக்கிடும்போது நிலாவின் ஈர்ப்பால் தரை விம்முவதற்கு ஏற்கெனவே ஒரு திருத்தம் இருந்தது. அதன் பக்கத்தில் ரயிலுக்கும் ஒன்று சேர்ந்தது.