எபிசோட் 31: குளிக்கும்போது ரெண்டு நிமிஷம் – விதைப்பையைத் தெரிஞ்சுக்கலாம்

இந்தப் பக்கத்தை ஆபீஸ்ல உட்கார்ந்து படிக்கிறீங்கன்னா ஸ்க்ரீனைக் கொஞ்சம் திருப்பி வெச்சுக்கோங்க. இன்னிக்கு இடுப்புக்குக் கீழ உள்ள விஷயம்.

நம்மில் பல பேருக்கு ஸ்கூல்ல இனப்பெருக்க மண்டலப் பாடத்தை "வீட்டுல படிச்சுக்கோங்க"ன்னு சொல்லி வாத்தியார் தாண்டிப் போயிருப்பார். அதுக்கப்புறம் அந்த இடத்தைப் பத்தி நமக்குக் கிடைச்ச தகவல் எல்லாம் ராத்திரி டிவியில வர்ற லாட்ஜ் வைத்தியர்கள் சொன்னதுதான். நான் டாக்டர் இல்ல, கோட் எழுதுறவன். ஆனா ஒரு சிஸ்டம் நல்லா ஓடும்போது எப்படி இருக்கும்னு தெரிஞ்சாதான், கெட்டுப்போனா கண்டுபிடிக்க முடியும். உடம்புக்கும் அதே கதைதான்.

முதல்ல, உள்ளே என்ன இருக்கு?

விதைப்பைக்குள்ள ரெண்டு விதைகள். பெரியவங்களுக்கு ஒவ்வொண்ணும் சுமார் 4 சென்டிமீட்டர் நீளம், வழுவழுப்பான முட்டை வடிவம். அழுத்தினா ஓடு உரிச்ச அவிச்ச முட்டை மாதிரி கொஞ்சம் இறுக்கமா இருக்கும். ஒண்ணு மத்ததைவிடக் கீழே தொங்கும். பெரும்பாலும் இடது பக்கம். அளவுலயும் சின்ன வித்தியாசம் இருக்கலாம். இது எல்லாமே நார்மல்.

விதைக்குப் பின்பக்கம் மெத்துன்னு ஒரு மேடு தட்டுப்படும். அதுதான் விந்து முதிர்ற குழாய், எபிடிடிமிஸ். சுருண்டு கிடக்கிற அதை நீட்டினா சுமார் 6 மீட்டர் வரும்! முதல் தடவை தொட்டுப் பார்க்கிறவங்க பல பேர் இதைத்தான் கட்டின்னு நினைச்சுப் பயப்படுறாங்க. அங்கிருந்து மேலே விறைப்பான ஒரு கயிறு மாதிரி போறது விந்து நாளம். கு.க. ஆபரேஷன்ல வெட்டிக் கட்டுறது இதைத்தான்.

இந்த அமைப்புக்குப் பின்னால ஒரு வரலாறு இருக்கு. கரு வளரும்போது விதைகள் உருவாகிறது வயித்துக்குள்ள, சிறுநீரகத்துக்குப் பக்கத்துல. பிறக்கிறதுக்கு முன்னாடி தொடை இடுக்கு வழியா கீழே இறங்குது, கூடவே ரத்தக் குழாயையும் நரம்பையும் இழுத்துட்டு வருது. அதனாலதான் கிரிக்கெட் பந்து அங்க பட்டா அடிவயித்துல வலிக்குது. சிறுநீரகக் கல் வந்தா சில பேருக்கு வலி விதை வரைக்கும் இறங்குறதும் இதனாலதான். இறங்குற வழி சரியா மூடாம இருந்தா குடல் அதுக்குள்ள வரலாம். அதுவும் ஒரு வகைக் குடலிறக்கம்.

சரி, எப்படிப் பார்க்கிறது?

வெந்நீர்ல குளிச்சு முடிச்சதும் பாருங்க. குளிர்ல சுருங்குற தோல் அப்போ தளர்வா இருக்கும். நின்னுக்கிட்டு ஒரு நேரத்துல ஒரு விதை. கட்டைவிரல் முன்னால, மத்த விரல்கள் பின்னால. மெதுவா உருட்டிப் பாருங்க. அப்புறம் பின்பக்க மேடு, அதுக்கு மேல உள்ள கயிறு. வலிக்கக் கூடாது. வலிச்சா அழுத்தம் ஜாஸ்தின்னு அர்த்தம், அல்லது ஏதோ பிரச்சினை இருக்குன்னு அர்த்தம்.

என்ன தட்டுப்பட்டா என்னவா இருக்கலாம்?

விதைக்கு மேல புழுக்கள் நிறைஞ்ச பை மாதிரி தோணினா, அது பெரும்பாலும் வேரிகோசீல், அதாவது வீங்கின சிரைகள். சுமார் 15 சதவீத ஆண்களுக்கு இருக்கு, பெரும்பாலும் இடது பக்கம்தான். இடது சிரை நீளமா மேலே போய்ச் சிறுநீரகச் சிரையில சேர்றதால அங்க அழுத்தம் அதிகம். படுத்தா வடிஞ்சிடும். படுத்தும் வடியலன்னா, இல்ல வலது பக்கம் மட்டும் இருந்தா, டாக்டர் கட்டாயம் பார்க்கணும்.

பை முழுக்கத் தண்ணி கோத்த மாதிரி வீங்கினா ஹைட்ரோசீலா இருக்கலாம். யானைக்கால் நோயை உண்டாக்குற புழுவாலயும் இது வரும்.

விதையோடவே ஒட்டின, கெட்டியான, வலியில்லாத கட்டி இருந்தா தள்ளிப் போடாதீங்க. விதைப் புற்றுநோய் அதிகம் வர்றது 15-லிருந்து 35 வயசுக்குள்ள. வலிக்கலையேன்னு விட்டுடுறதுதான் இதுல ஆபத்து. பிறக்கும்போது விதை இறங்காம இருந்தவங்களுக்கு வாய்ப்பு கொஞ்சம் அதிகம்.

திடீர்னு ஒரு பக்கம் தாங்க முடியாத வலி, கூடவே வாந்தி வந்தா விதை முறுக்கிக்கிட்டிருக்கலாம். ரத்த ஓட்டம் நின்னுடும். சுமார் 6 மணி நேரத்துக்குள்ள ஆபரேஷன் பண்ணினாதான் விதையைக் காப்பாத்த நல்ல வாய்ப்பு. காலையில பார்த்துக்கலாம்னு தூங்கக் கூடாது. ராத்திரி 2 மணின்னாலும் எமர்ஜென்சிக்குப் போகணும். டீன் ஏஜ் பசங்களுக்கு இது அதிகம் வரும். தம்பி இருந்தா, கூச்சத்தை விட்டுச் சொல்லி வைங்க.

புற்றுநோய்னா பயந்துடாதீங்க. இந்தியாவில் இது அரிதானது. 1974-ல இண்டியானா பல்கலைக்கழகத்துல லாரன்ஸ் ஐன்ஹார்ன் என்ற டாக்டர் சிஸ்பிளாட்டின் மருந்தை மத்த ரெண்டு மருந்துகளோட சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார். அதுவரை பரவின கட்டத்துல பெரும்பாலும் உயிரைப் பறிச்ச இந்த நோய், குணமாக்கக்கூடியதா மாறிச்சு. சைக்கிள் வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்குக்கு 1996-ல, 25 வயசுல கண்டுபிடிச்சப்போ நுரையீரல், மூளை வரைக்கும் பரவியிருந்தது. அந்தப் பல்கலைக்கழகத்துலதான் சிகிச்சை எடுத்துப் பிழைச்சார்.

இன்னொண்ணும் நேர்மையா சொல்லணும். அமெரிக்காவோட தடுப்பு மருத்துவ நிபுணர் குழு, அறிகுறி இல்லாத ஆண்களுக்கு இதை ரெகுலர் சோதனையா பரிந்துரைக்கலை. நோய் அரிது, சிகிச்சையும் நல்லா வேலை செய்யுது, வீண் பயமும் வீண் டெஸ்ட்டும்தான் மிஞ்சும்னு அவங்க வாதம். அதனால மாசா மாசம் ரிமைண்டர் வைக்கச் சொல்லி நான் சொல்லலை. உங்க நார்மல் எதுன்னு தெரிஞ்சு வெச்சுக்கோங்க, மாறினா போய்க் காட்டுங்க. அவ்ளோதான்.

போக வேண்டியது யூராலஜிஸ்ட்கிட்ட. இல்லன்னா அரசு மருத்துவமனையில சர்ஜரி ஓ.பி. முதல் டெஸ்ட் பெரும்பாலும் வலியே இல்லாத ஸ்கேன், தேவைப்பட்டா ரத்தப் பரிசோதனை. டாக்டர்கிட்ட "கீழே ஒரு பிரச்சினை"ன்னு இழுக்காம, "விதையில கட்டி இருக்கு, இத்தனை நாளா இருக்கு, வலி இல்ல"ன்னு நேராச் சொல்லுங்க. பக் ரிப்போர்ட் தெளிவா இருந்தா வேலை சீக்கிரம் முடியும்.

அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.