யார் கண்ணில் படுகிறது கெட்டிக்காரப் பிள்ளை?

மயாமிக்கு வடக்கே, புளோரிடாவின் அட்லான்டிக் கரையோரம் இருக்கிறது ப்ரோவர்ட் கவுன்டி. அமெரிக்காவின் பொதுப்பள்ளி நிர்வாகங்களில் அளவில் ஆறாவது இடம் அதற்கு. 2005இல் அந்த நிர்வாகம் ஒரு காரியம் செய்தது. இரண்டாம் வகுப்பில் படிக்கும் பிள்ளைகள் அத்தனை பேரையும், ஒருவரையும் விடாமல், உட்காரவைத்து ஒரு தேர்வு நடத்தியது.

சுமார் அரை மணி நேரத் தேர்வு. அதில் வாசிப்பதற்கு வாக்கியங்கள் கிடையாது. கட்டமும் வட்டமும் கோடுமாகச் சில உருவங்கள் வரிசையாக இருக்கும். ஓர் இடம் மட்டும் காலியாக இருக்கும். அங்கே எந்த உருவம் பொருந்தும் என்று பிள்ளை கண்டுபிடிக்க வேண்டும். ஜாக் நாக்லியெரி என்ற உளவியலாளர் வடிவமைத்த தேர்வு அது. வீட்டில் ஸ்பானிஷ் மட்டுமே கேட்டு வளர்ந்த குழந்தையும், ஹைத்தியிலிருந்து வந்த குடும்பத்துக் குழந்தையும் மொழி தடுக்காமல் எழுதலாம்.

அதுவரை நடைமுறை வேறு. ஒரு பிள்ளைக்கு அசாதாரணத் திறமை இருப்பதாக ஆசிரியருக்கோ பெற்றோருக்கோ தோன்ற வேண்டும். அவர்கள் பரிந்துரைக்க வேண்டும். பிறகு உளவியலாளர் ஒருவர் அந்தப் பிள்ளையைத் தனியாக வைத்து ஐ.க்யூ. தேர்வு நடத்துவார். 130 புள்ளி எடுத்தால் 'கிஃப்டெட்', அதாவது திறன்மிகு பிள்ளைகளுக்கான வகுப்பில் இடம். இலவசமாகவோ சலுகை விலையிலோ மதிய உணவு பெறும் ஏழைப் பிள்ளைகளுக்கும், இன்னும் ஆங்கிலம் பிடிபடாத பிள்ளைகளுக்கும் 116 போதும் என்று புளோரிடா விதிகள் இடம் கொடுத்திருந்தன. பள்ளி உளவியலாளரின் முறை வரும்வரை காத்திருக்க விரும்பாதவர்கள் காசு கொடுத்துத் தனியார் உளவியலாளரிடம் போகலாம்.

விதியைப் படித்தால் நியாயமாகத்தான் தெரிகிறது. ஏழைக்குச் சலுகைகூட இருக்கிறது. ஆனால் கவுன்டியின் மாணவர்களில் பாதிக்கு மேல் கறுப்பினத்தவரும் லத்தீன் அமெரிக்க வழியினரும். மூன்றாம் வகுப்பு கிஃப்டெட் பிள்ளைகளிலோ அவர்கள் 28 சதவீதம்தான். 116 என்ற சலுகை அவர்களில் பலருக்கு எட்டவே இல்லை. அந்தத் தேர்வு அறை வாசல்வரை அவர்களை யாரும் கூட்டிவரவில்லை.

எல்லோருக்கும் முதல்நிலைத் தேர்வு வைத்து, அதில் நன்றாகச் செய்தவர்களைப் பள்ளியே ஐ.க்யூ. தேர்வுக்கு அனுப்பத் தொடங்கியதும் கணக்கு மாறிப்போனது. தகுதி வரம்பில் ஒரு புள்ளிகூடத் தளர்த்தவில்லை. அப்படியும் கிஃப்டெட் என்று அடையாளம் காணப்பட்ட வறிய பிள்ளைகளின் விகிதம் 180 சதவீதம் கூடியது. லத்தீன் அமெரிக்க வழிப் பிள்ளைகளிடையே 130 சதவீதம், கறுப்பினப் பிள்ளைகளிடையே 80 சதவீதம். இந்தப் பிள்ளைகள் புதிதாக முளைத்தவர்கள் அல்லர். அதே பள்ளியில், அதே பெஞ்சில், அதே மூளையோடு முன்பும் உட்கார்ந்திருந்தவர்கள்.

டேவிட் கார்ட், லாரா ஜூலியானோ என்ற இரு பொருளாதார அறிஞர்கள் இந்த மாற்றத்தைத் தரவுகளோடு ஆராய்ந்து 2016இல் வெளியிட்டார்கள். தொழிலாளர் பொருளாதாரத்தில் செய்த பணிக்காக 2021இல் நோபெல் பரிசு பெற்ற அதே கார்ட்தான். பழைய பரிந்துரை முறையில் யாரெல்லாம் விடுபட்டார்கள் என்று அவர்கள் தந்த பட்டியலில் ஏழைகள், கறுப்பினத்தவர், லத்தீன் அமெரிக்க வழியினர், ஆங்கிலம் கற்றுக்கொண்டிருப்பவர்கள் ஆகியோரோடு இன்னொரு பிரிவும் இருந்தது: பெண் குழந்தைகள். சொன்னதைச் செய்துவிட்டு அமைதியாக உட்கார்ந்திருக்கும் பெண் பிள்ளையைச் சமர்த்து என்று மெச்சுகிறோம். அதி புத்திசாலி என்று நினைக்கத் தவறிவிடுகிறோம். இது புளோரிடாவுக்கு மட்டும் உரிய குறை அல்ல.

ஆசிரியர்கள் வேண்டுமென்று ஒதுக்குகிறார்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. நாற்பது வேலைக்கு நடுவே ஆசிரியரின் கண்ணில் முதலில் படுவது எது? சரளமாகப் பேசும் பிள்ளை, வீட்டில் நிறையப் புத்தகம் உள்ள பிள்ளை, பெற்றோர் அடிக்கடி வந்து விசாரிக்கும் பிள்ளை. ஜேசன் கிரிசம், கிறிஸ்டபர் ரெடிங் இருவரும் 2016இல் வெளியிட்ட ஆய்வு இதைக் கூர்மையாகக் காட்டியது. ஒரே அளவு மதிப்பெண் எடுத்தாலும் வெள்ளையினப் பிள்ளைக்கு உள்ள வாய்ப்பில் பாதிதான் கறுப்பினப் பிள்ளைக்கு இருந்தது. வாசிப்புக்கான கிஃப்டெட் வகுப்புகளில், கறுப்பின ஆசிரியரிடம் படித்த கறுப்பினப் பிள்ளை சேரும் வாய்ப்பு மற்ற ஆசிரியர்களிடம் படித்தவரைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு. பிள்ளையின் அறிவு மாறவில்லை, பார்க்கும் கண்தான் மாறியது.

தேர்வுதான் எல்லாவற்றுக்கும் மருந்து என்றும் சொல்லிவிட முடியாது. ஸ்டான்போர்டின் லூயிஸ் டெர்மன் 1921இல் கலிபோர்னியாவின் அபூர்வ அறிவுடைய பிள்ளைகளைத் தேடிப் பெரிய ஆய்வு ஒன்றைத் தொடங்கினார். ஆசிரியர்கள் முதலில் பெயர் சொல்ல, பிறகு ஐ.க்யூ. தேர்வு. அந்தச் சல்லடையில் நிற்காமல் போன இருவர் வில்லியம் ஷாக்லி, லூயிஸ் ஆல்வரெஸ். இருவரும் பின்னாளில் இயற்பியலுக்கான நோபெல் பரிசு பெற்றார்கள்.

சரி, தேர்ந்தெடுத்த பிள்ளைகளை என்ன செய்கிறார்கள்? இதற்கு அமெரிக்கா முழுவதற்குமான ஒரே பதில் கிடையாது. ஊனமுற்ற பிள்ளைகளின் கல்விக்குக் கூட்டாட்சிச் சட்டம் உத்தரவாதம் தருவதுபோல் திறன்மிகு பிள்ளைகளுக்குத் தரவில்லை. 1988இல் வந்த ஜாவிட்ஸ் சட்டம் ஆராய்ச்சிக்கும் மாதிரித் திட்டங்களுக்கும் பணம் ஒதுக்குகிறது, அவ்வளவுதான். மற்றதெல்லாம் மாநிலங்களின் பாடு. ஓரிடத்தில் வாரத்துக்குச் சில மணி நேரம் வகுப்பிலிருந்து எழுப்பிக் கூட்டிப்போய்க் கற்பிப்பார்கள். ஓரிடத்தில் தனி வகுப்பு. இன்னோரிடத்தில் ஒரு கிரேடைத் தாண்டவிடுவார்கள்.

நடுநிலைப் பள்ளியை எட்டும்போது விவகாரம் கணிதத்தில் வந்து நிற்கிறது. அங்கே படிக்கட்டு இப்படி: முதலாம் அல்ஜீப்ரா, வடிவியல், இரண்டாம் அல்ஜீப்ரா, முன்நுண்கணிதம், நுண்கணிதம். ஆண்டுக்கு ஒரு படி. முதல் படியில் எட்டாம் வகுப்பிலேயே கால்வைத்தால் பன்னிரண்டில் நுண்கணிதம் வந்துவிடும். ஒன்பதில் தொடங்கினால், இடையில் இரட்டைப் பாடம் எடுத்தாலொழிய, வராது. பொறியியலுக்கோ அறிவியலுக்கோ நல்ல பல்கலைக்கழகத்தில் விண்ணப்பிக்கும் பிள்ளைக்கு இது சிறிய வித்தியாசம் அல்ல. எட்டாம் வகுப்பில் அல்ஜீப்ரா வேண்டுமென்றால் ஆறாம் வகுப்பிலேயே உயர்நிலைக் கணிதத்தில் சேர்ந்திருக்க வேண்டும். ஆக, பதினோரு வயதில் யாரோ ஒருவர் ஒரு படிவத்தில் போடும் டிக், பதினெட்டு வயதின் வாசலைத் தீர்மானிக்கிறது. அந்த டிக் எவ்வளவு முக்கியமானது என்று வீட்டில் யாருக்கும் தெரியாத பிள்ளைகள்தான் பெரும்பாலோர்.

அதனால் சில மாநிலங்கள் படிவத்தையே தலைகீழாகத் திருப்பியிருக்கின்றன. வாஷிங்டன் மாநிலத்தின் ஃபெடரல் வே நகரப் பள்ளி நிர்வாகம் 2010இல் இதைத் தொடங்கியது. மாநிலத் தேர்வில் தேறிய மாணவரை நிர்வாகமே உயர்நிலைப் பாடங்களில் சேர்த்துவிடும்; வேண்டாம் என்றால் பெற்றோர் எழுதிக் கொடுக்க வேண்டும். 2019இல் வாஷிங்டன் மாநிலம் இதை எல்லா உயர்நிலைப் பள்ளிகளுக்கும் சட்டமாக்கியது. 2023இல் இன்னொரு சட்டம்: இரண்டாம் வகுப்பு முடிவதற்குள் ஒரு முறையும் ஆறாம் வகுப்பு முடிவதற்குள் மறுபடி ஒரு முறையும் எல்லாப் பிள்ளைகளுக்கும் திறனறி சோதனை நடத்த வேண்டும். அதுவும் பள்ளி நேரத்திலேயே. சனிக்கிழமை காலை வேலைக்குப் போகும் தாய், காரில்லாத தந்தை ஆகியோரின் பிள்ளைகளுக்கு இந்த 'பள்ளி நேரத்திலேயே' என்ற சின்ன நிபந்தனை பெரிய காரியம்.

வட கரோலினாவில் விஷயம் பத்திரிகைகளால் வெளிவந்தது. ராலியின் நியூஸ் அண்ட் அப்சர்வரும் சார்லட் அப்சர்வரும் 2017இல் மாநிலத் தேர்வுத் தரவுகளைத் தோண்டின. கணிதத்தில் உச்ச நிலை எடுத்த ஏழைப் பிள்ளைகள், அதே மதிப்பெண் எடுத்த வசதியான பிள்ளைகளைவிட மிகக் குறைவாகவே உயர்நிலை வகுப்புகளுக்குப் போனதை அச்சிட்டுக் காட்டின. அடுத்த ஆண்டே சட்டம் வந்தது: தேர்வில் மிக உயர்ந்த நிலையை எட்டிய பிள்ளைக்கு உயர்நிலைக் கணிதத்தில் இடம் தந்தாக வேண்டும், பெற்றோர் எழுத்துமூலம் மறுத்தால் மட்டுமே விலக்கலாம்.

டெக்சஸில் முதலில் இறங்கியது டல்லஸ் நகரப் பள்ளி நிர்வாகம். 2019-20 கல்வியாண்டில் தகுதியுள்ள ஆறாம் வகுப்புப் பிள்ளைகளைத் தானே உயர்நிலைக் கணிதத்தில் சேர்க்கத் தொடங்கியது. சில ஆண்டுகளில் எட்டாம் வகுப்பிலேயே அல்ஜீப்ரா எடுக்கும் கறுப்பின மாணவர்களின் விகிதம் இரண்டு மடங்குக்கும் மேல் உயர்ந்தது. லத்தீன் அமெரிக்க வழியினரிடையே மூன்றில் ஒருவராக இருந்தது பாதியைத் தாண்டியது. 2023இல் மாநிலம் முழுவதற்கும் சட்டம் வந்தது: ஐந்தாம் வகுப்புக் கணிதத்தில் முதல் 40 சதவீதத்துக்குள் வரும் பிள்ளை தானாகவே ஆறாம் வகுப்பின் உயர்நிலைக் கணிதத்தில் சேரும். முன்பு உள்ளே போகக் கையெழுத்து வேண்டியிருந்தது. இப்போது வெளியேறத்தான் கையெழுத்து வேண்டும்.

நியூயார்க் நகரம் நேர்மாறான வழியில் வெகுகாலம் போனது. நான்கு வயதுக் குழந்தைக்கு நுழைவுத் தேர்வு. பால் பற்கள் விழாத பிள்ளைகளுக்கு டியூஷன் நடத்தும் தொழிலே அங்கே வளர்ந்தது. விரும்பி விண்ணப்பித்தவர் மட்டுமே எழுதும் தேர்வு என்பதால், தகவல் தெரிந்த வீட்டுப் பிள்ளைகளே முந்தினார்கள். 2021 அக்டோபரில் மேயர் பில் டி பிளாசியோ அந்தத் திட்டத்தையே கைவிடப்போவதாக அறிவித்தார். அடுத்து வந்த எரிக் ஆடம்ஸ் 2022இல் அதைத் தக்கவைத்து 1,100 இடங்கள் கூட்டினார். அவற்றில் 1,000 இடங்கள் மூன்றாம் வகுப்புக்கு. சின்னக் குழந்தைகளுக்கான தேர்வு போய், மழலைப் பள்ளி ஆசிரியரின் பரிந்துரையும் குலுக்கலும் வந்தன. ப்ரோவர்டின் அனுபவத்தைப் பார்த்தவர்களுக்கு, மறுபடியும் பரிந்துரையா என்ற கவலை எழாமல் இராது.

கெட்டிக்காரப் பிள்ளைகளைத் தனியே பிரிப்பதே தவறு, மற்ற பிள்ளைகள் பின்தங்கிவிடுவார்கள் என்று வாதிடுவோர் உண்டு. லேசாகத் தள்ளிவிடக்கூடிய வாதம் அல்ல அது. அமெரிக்காவில் ஒரே கட்டடத்துக்குள் வெள்ளை வகுப்பு, கறுப்பு வகுப்பு என்று பிரிந்துகிடக்கும் பள்ளிகளைக் கண்டவர்களின் வேதனை அது. இங்கும் கார்ட், ஜூலியானோவின் இன்னொரு ஆய்வு உதவுகிறது. அவர்கள் ஆராய்ந்த நிர்வாகத்தின் விதிப்படி நான்காம், ஐந்தாம் வகுப்புகளில் ஒரே ஒரு கிஃப்டெட் பிள்ளை இருந்தாலும் பள்ளி தனி வகுப்பு திறக்க வேண்டும். மீதி இடங்களை, முந்தைய ஆண்டுத் தேர்வில் அதிக மதிப்பெண் எடுத்த மற்ற பிள்ளைகளைக் கொண்டு நிரப்ப வேண்டும். அப்படி மதிப்பெண் மூலம் உள்ளே வந்த கறுப்பின, லத்தீன் அமெரிக்க வழிப் பிள்ளைகள் கணிதத்திலும் வாசிப்பிலும் பெரும் பாய்ச்சல் காட்டினார்கள். வழக்கமான வகுப்பிலேயே தங்கியவர்களுக்குக் குறை எதுவும் நேரவில்லை. வியப்பு என்னவென்றால், ஐ.க்யூ. 130 தாண்டி வந்த பிள்ளைகளின் மதிப்பெண்ணில் சொல்லும்படியான ஏற்றமே இல்லை. அந்த வகுப்பால் அதிகம் பயனடைந்தவர்கள், 'கிஃப்டெட்' என்ற பெயர் கிடைக்காதவர்கள்.

தமிழ்க் குடும்பங்களுக்கு இந்தக் கதையில் ஓர் இடம் உண்டு. சியாட்டிலைச் சுற்றிய ஊர்களிலும் டல்லஸுக்கு வடக்கேயும் நியூ ஜெர்சியிலும் குடியேறிய தொழில்நுட்பப் பணியாளர்களின் வீடுகளில் 'காக்ஏடி' என்ற திறனறி தேர்வின் பெயர் நன்றாகத் தெரியும். பயிற்சிப் புத்தகம் வாங்கியாயிற்றா, பரிந்துரைப் படிவத்துக்குக் கடைசித் தேதி எது என்ற விசாரிப்பு வார இறுதித் தமிழ்ப் பள்ளியின் வாசலில் நடக்கிறது. அது தவறு அல்ல. பிள்ளை மேல் உள்ள அக்கறை. ஆனால் அந்த வாசல் பேச்சுதான் பக்கத்துத் தெருவில் குடியிருக்கும் துப்புரவுப் பணியாளரின் பிள்ளைக்குக் கிடைக்காத செல்வம். எல்லோருக்கும் தேர்வு என்ற முறை வந்தால் இந்த முன்னிலை கொஞ்சம் குறையும் என்பதும் உண்மை. அதை மனமார ஏற்கவேண்டியவர்கள், ஒரு தலைமுறைக்கு முன் யாரோ ஓர் ஆசிரியர் கண்டெடுத்ததால் முன்னுக்கு வந்த பெற்றோர்கள்தான்.

ஊருக்குப் புதிதாக வந்த பெற்றோர் செய்ய வேண்டியது எளிது. பிள்ளையின் பள்ளியில் நேராகக் கேட்கலாம்: எல்லோருக்குமான சோதனை எந்த வகுப்பில் நடக்கிறது, பெற்றோர் பரிந்துரைக்கலாமா, முடிவு திருப்தி தராவிட்டால் மேல்முறையீடு உண்டா? ஆங்கிலம் தடையாக இருந்தால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றும் கேட்கலாம்.

ப்ரோவர்டில் பிறகு என்ன நடந்தது? 2008 பொருளாதார நெருக்கடிக்குப் பின் வரவுசெலவுத் திட்டத்தில் வெட்டு விழுந்தது. எல்லோருக்குமான சோதனையை நிர்வாகம் 2010இல் நிறுத்தியது. கிஃப்டெட் என்று அடையாளம் காணப்பட்ட வறிய பிள்ளைகளின் விகிதம் பழைய இடத்துக்கே இறங்கியது. இன இடைவெளி முன்பிருந்த அளவுக்கே திரும்பியது. 2005இல் அந்த உருவத் தேர்வை எழுதிய இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் இப்போது முப்பதை நெருங்குகிறார்கள். அவர்களில் யார் யார் அந்த அரை மணி நேரத்தால் கிஃப்டெட் வகுப்புக்குப் போனார்கள் என்று கணக்கில் இருக்கிறது. 2011இல் இரண்டாம் வகுப்பில் இருந்தவர்களில் யார் யார் போகாமல் நின்றார்கள் என்பதற்கு எந்தப் பதிவேடும் இல்லை.