கைமாறிய பந்து

1963ஆம் ஆண்டு மார்ச் 23. அமெரிக்க நாட்டின் லூயிவில் நகரில் கல்லூரிகளுக்கிடையே கூடைப்பந்து இறுதி ஆட்டம். உரிய நேரம் முடிந்தும் வெற்றி யார் பக்கம் என்று தெரியவில்லை. கூடுதலாகத் தரப்பட்ட ஐந்து நிமிடங்களும் முடியப்போகின்றன. இரு அணிகளும் 58 புள்ளிகளுடன் சமமாக நிற்கின்றன. பந்து சிகாகோ லயோலா பல்கலைக்கழக அணியின் தலைவர் ஜெரி ஹார்க்னெஸ் கையில்!

அவ்வணியின் தலைசிறந்த ஆட்டக்காரர் அவரே. உரிய நேரம் முடியச் சில நொடிகளே இருந்தபோது பந்தைக் கூடையில் இட்டு, அணியைத் தோல்வியின் வாயிலிலிருந்து மீட்டவரும் அவரே. இப்போதும் அவர்தாம் எறிவார் என்று அரங்கம் எதிர்பார்த்தது. அவரும் எழும்பினார், எதிரணி வீரர் மறித்தார். வீம்புக்கு எறிய ஹார்க்னெஸ் முயலவில்லை. பந்தைத் தோழர் லெஸ் ஹண்டரிடம் கொடுத்தார். ஹண்டர் எறிந்த பந்து வளையத்தில் பட்டு வெளியே வந்தது. அருகில் விழிப்போடு நின்ற விக் ரௌஸ் அதைப் பற்றிக் கூடைக்குள் சேர்த்தார். 60க்கு 58! லயோலா வாகை சூடியது.

இந்த வெற்றி யாருடையது? பந்தைக் கொடுத்தவருடையதா? எறிந்து தவறியவருடையதா? தவறியதைத் திருத்தியவருடையதா? மூவரில் ஒருவர் இல்லையேல் வெற்றி இல்லை. அன்று லயோலா அணியில் ஐவரே தொடங்கினர். மாற்று ஆள் ஒருவரும் இறங்காமல், அந்த ஐவரே இறுதிவரை ஆடினர். இரண்டாம் பாதியில் 15 புள்ளிகள் பின்தங்கியிருந்தபோதும் ஒருவரையொருவர் குறைகூறிக்கொண்டிருக்க அவர்களுக்கு நேரமில்லை.

இந்த விளையாட்டின் பிறப்பிலேயே ஈகை கலந்திருக்கிறது. 1891 டிசம்பரில் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் இதைத் தோற்றுவித்த ஜேம்ஸ் நெய்ஸ்மித், இறையியல் பயின்ற ஆசிரியர். அவர் வகுத்த 13 விதிகளுள் ஒன்று, பந்தை வைத்துக்கொண்டு ஓடக்கூடாது என்பது. பிடித்த இடத்திலிருந்தே எறிய வேண்டும். ஆகவே பந்து முன்னேற வேண்டுமானால், அது கைமாறியே ஆக வேண்டும். பின்னாளில் பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே செல்லும் வழக்கம் வந்தது. ஆயினும் கொடுப்பவன் இல்லாத அணி வெல்வதரிது என்ற உண்மை மாறவில்லை.

லயோலா, சேசு சபைக் குருக்கள் 1870இல் தொடங்கிய கல்வி நிலையம். நம் சென்னை லயோலாக் கல்லூரியைப் போலவே, புனித இஞ்ஞாசியாரின் பிறந்த ஊர்ப் பெயரைத் தாங்கியது. 1963இல் அதன் ஐவருள் நால்வர் கறுப்பினத்தவர். ஓர் அணியில் இத்தனை கறுப்பு இளைஞர் ஒருங்கே ஆடலாகாது என்பது அந்நாளில் எழுதப்படாத சட்டம். நியூயார்க்கிலிருந்து இருவர், நாஷ்வில் நகரின் ஒரே பள்ளியிலிருந்து இருவர், சிகாகோ நகரத்து வெள்ளை இளைஞர் ஜான் ஈகன் என ஐவரும் ஒன்றாயினர். நிறவெறியர் எழுதிய வசைக்கடிதங்கள் மாணவர் விடுதிக்கே வந்தன. அவற்றைப் படித்தும் அவர்கள் பிரியவில்லை.

இறுதி ஆட்டத்துக்கு எட்டு நாட்களுக்கு முன், மார்ச் 15 அன்று, அவர்கள் மிசிசிப்பி மாநிலப் பல்கலைக்கழக அணியை எதிர்கொண்டனர். கறுப்பினத்தவரோடு விளையாட நேரும் என்பதற்காகவே அப்பல்கலைக்கழகம் முன்னர் மூன்று முறை இப்போட்டியைத் துறந்திருந்தது. இம்முறையும் நீதிமன்றத் தடையாணை பிறந்தது. ஆனால் ஆணை கைக்கு வந்து சேருமுன் பயிற்சியாளரும் மாணவரும் மாநில எல்லையைக் கடந்துவிட்டனர்! ஆட்டம் தொடங்குமுன் ஹார்க்னெஸும் எதிரணித் தலைவர் ஜோ டான் கோல்டும் கைகுலுக்கினர். புகைப்படக் கருவிகளின் ஒளி பளிச்சிட்டது. 61க்கு 51 என்று லயோலா வென்றது. ஆனால் நிலைத்து நின்றது அந்தக் கைகுலுக்கலே. 2011இல் கோல்டு மறைந்தபோது, ஹார்க்னெஸ் அடக்கச் சடங்குக்குச் சென்றார். பேழையின் அருகே அதே புகைப்படம் வைக்கப்பட்டிருக்கக் கண்டார். ஹார்க்னெஸும் 2021இல் இறைவனடி சேர்ந்தார்.

ஐம்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, 2018இல், லயோலா அணி மீண்டும் நாட்டின் கவனத்தை ஈர்த்தது. அணியின் ஆன்ம வழிகாட்டி, 98 வயதான அருட்சகோதரி ஜீன் டொலோரஸ் ஷ்மிட். சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே ஆட்டத்துக்கு முன் இளைஞரோடு செபிப்பார். எதிரணிக்காகவும் வேண்டுவார். ஆட்டம் முடிந்ததும் ஊக்கமொழிகளை மின்னஞ்சலில் அனுப்புவார். அவ்வாண்டு அணியில் தனிப்பெரும் நட்சத்திரம் எவருமில்லை. முதல் ஆட்டத்தில் இங்கிரம், இரண்டாவதில் கஸ்டர், மூன்றாவதில் டவுன்ஸ் என, ஒவ்வொரு முறையும் வேறொருவர் கை அணியைக் காத்தது. மூன்று வெற்றிகளின் புள்ளி வேறுபாடுகள் முறையே இரண்டு, ஒன்று, ஒன்று மட்டுமே! நான்காவது வெற்றியில் அதிகப் புள்ளிகள் எடுத்தவரோ ரிச்சர்ட்சன்.

பெரிய சனிக்கிழமையன்று, புனித அந்தோனியாரின் பெயர் தாங்கிய சான் அன்டோனியோ நகரில், அரை இறுதியில் அவர்கள் தோற்றனர். தன்னலமின்மை எப்போதும் கோப்பையைத் தரும் என்று நினைத்துவிட வேண்டாம். தோல்வியிலும் பிரியாத உள்ளங்களையே அது தருகிறது. அருட்சகோதரி ஜீன் 2025 அக்டோபரில், 106ஆம் வயதில், நித்திய இளைப்பாற்றி அடைந்தார்.

ஒரே உடலில் பல உறுப்புகள் உண்டு, ஒன்று மற்றொன்றை வேண்டாமென்று தள்ள முடியாது என்று புனித சின்னப்பர் கொரிந்து நகரத்தாருக்கு உணர்த்தினார். நம் இல்லங்களை எண்ணிப் பார்ப்போம். தங்கையின் படிப்புக்காகத் தன் படிப்பை நிறுத்திய அண்ணனின் பெயர் எந்தச் சான்றிதழிலும் இல்லை. பங்குத் திருவிழா முடிந்ததும் மேடையில் பொன்னாடை பெறுவோர் சிலர். கோவில் முற்றத்தைக் கூட்டிப் பெருக்கியவர் வேறு சிலர். கணவன் தவறியபோது பழிக்காமல், ரௌஸைப்போல் அருகில் நின்று தாங்கிய மனைவியர் எத்தனை பேர்! அவர்கள் கொடுத்த பந்தால்தான் நம் வீடு வென்றிருக்கிறது.

இன்றிரவு குடும்ப செபமாலை முடிந்தபின், ஒருவரையொருவர் பார்த்து இதைச் சொல்வோமா? "என் வெற்றியில் உன் கை இருக்கிறது." சொல்லத் தயங்கும் வீட்டில்தான் அதைச் சொல்ல வேண்டிய தேவை மிகுதியாக இருக்கும்.